இரண்டு ரம்பங்கள், ஒரு பட்டறை

நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சுத் தொழில் செய்தவர்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். அதனால் தச்சுப் பட்டறைக்குள் நுழையும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஒரு மரியாதை தோன்றும்.

எங்கள் மஹல்லாவில் மரப்பட்டறை வைத்திருப்பவரின் மகன் என்னிடம் ஓதியவர். தந்தையும் மகனும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வசதியாக இரண்டாவது அறுவை மேசை ஒன்றை வாங்கினார்கள். இடம் குறைவு, ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினார்கள். ஒருநாள் அஸருக்குப் பின் நான் அங்கிருந்தபோது, தந்தை அறுத்துக்கொண்டிருந்த சட்டம் திடீரெனப் பின்னோக்கிப் பாய்ந்து, மகன் நின்ற மேசையில் மோதி விழுந்தது. ஒரு சாண் விலகியிருந்தால் அவர் வயிற்றில் பட்டிருக்கும். அல்ஹம்துலில்லாஹ், தப்பினார்.

“எல்லாம் தக்தீர், ஹஜ்ரத்” என்றார் தந்தை. தக்தீரை நம்புகிறோம். ஆயினும் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்பித்த மார்க்கமன்றோ நம்முடையது!

சட்டம் ஏன் பாய்ந்தது? சுழலும் ரம்பத்தின் முன்பற்கள் மரத்தைக் கீழே அழுத்துகின்றன. பின்பற்களோ மேல்நோக்கி எழுகின்றன. அறுபட்ட பிளவு சுருங்கிப் பின்பற்களைக் கவ்வினால், அவை மரத்தைத் தூக்கி அறுப்பவர் பக்கமே எறியும். எனவே ரம்பத்துக்கு நேராக அத்திசையில் நீளும் கோட்டில் எவரும் நிற்கலாகாது. பிளவு சுருங்காமல் காக்க, ரம்பத்தின் பின்னே நிற்கும் மெல்லிய தகட்டைக் கழற்றவும் கூடாது.

இரண்டு மேசைகளையும் ஒரே திசை நோக்கிப் பக்கம் பக்கமாக வைப்பதே நலம். 8 அடிப் பலகையை நீளவாக்கில் அறுக்க, ரம்பத்துக்கு முன்னே 8 அடியும் பின்னே 8 அடியும் வெற்றிடம் வேண்டும். இருவர் வேலை செய்தால், ஒருவர் குறுக்கே அறுக்கும் மரம் மற்றவரைத் தொடாத அளவு இடைவெளி விடவேண்டும். உயரம் சமமாயின் பின்புறம் ஒரே தாங்குமேசை இரண்டுக்கும் போதும். ஒவ்வொன்றையும் நிறுத்தும் சுவிட்ச் அவரவர் கைக்கெட்டும் இடத்தில் தனித்தனியே இருத்தல் அவசியம்.

வேலையையும் பிரித்துக்கொள்ளலாம். 10 அங்குல ரம்பத்தில் நீள அறுப்புக்கு 24 பற்களும், குறுக்கறுப்புக்கு 60 முதல் 80 பற்களும் ஏற்றவை. மேசைக்கு ஒன்றாக மாட்டிவிட்டால் அடிக்கடி கழற்றி மாட்டும் நேரம் மிச்சமாகும்.

விரல் பட்டவுடன் நொடிப்பொழுதில் நின்றுவிடும் ரம்பங்கள் 2004 முதல் அமெரிக்காவில் விற்பனையாகின்றன. அவை விரலைக் காக்கும். பாய்ந்துவரும் மரத்தை நிறுத்தா. மேசையைத் திருப்பி வைப்பதற்கோ செலவே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவர்கள் மர அடுக்கை வெளியே மாற்றி, மேசைகளைப் பக்கம் பக்கமாக அமைத்தார்கள். ஹலாலான உழைப்புக்கு அல்லாஹ் தந்த கைகள் அமானிதம். அருகில் நிற்பவரின் உயிரும் அவ்வாறே. இரண்டையும் பேணுவோமாக!