கொள்ளிடக் கடைமடையில் நாக்கு மீன்: சின்ன முள்ளும் லேசான ஈயமும் போதும்

கொள்ளிடத்தின் கடைசிப் பகுதியில், பழையாறு முகத்துவாரத்தை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்குக் கோடையில் ஆற்றுத் தண்ணீர் உப்புக் கரிப்பது புதிதல்ல. மேலே இருந்து வரும் நல்ல தண்ணீர் நின்றதும் கடல் தண்ணீர் ஆற்றுக்குள் பல கிலோமீட்டர் ஏறி வந்துவிடும். பயிருக்கு இது கெட்ட காலம். ஆனால் அதே தண்ணீரோடுதான் நாக்கு மீனும் ஏறி வருகிறது. வயல் வேலை குறைந்த அந்த மாதங்களில், ஒரு தூண்டிலும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் வீட்டுக் குழம்புக்கு மீன் கிடைக்கும். விற்று வருமானம் பார்க்கும் அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம்.

நாக்கு மீன் தூண்டிலில் சிக்காது, வலையில்தான் வரும் என்று சொல்பவர்கள் உண்டு. வலையில் அதிகம் வருவது உண்மைதான். தூண்டிலில் சிக்காததற்குப் பெரும்பாலும் முள்தான் காரணம். இந்த மீனின் வாய் மிகச் சிறியது, கோணலானது. கெளுத்திக்கும் கொடுவாவுக்கும் போடும் பெரிய முள்ளைப் போட்டால் இரையை மட்டும் கொறித்துவிட்டுப் போய்விடும்.

மீனின் உடம்பைப் பார்த்தால் அதன் பிழைப்பு புரியும். குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போலவே பக்கத்துக்கு ஒரு கண் இருக்கும். வளர வளர ஒரு கண் மண்டையைச் சுற்றி மறுபக்கம் வந்துவிடும். வளர்ந்த நாக்கு மீனுக்கு இரண்டு கண்ணும் இடப்பக்கம்தான். கண் இல்லாத வெள்ளைப் பக்கத்தைத் தரையில் வைத்து, சேற்றை மேலே போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். சேற்றில் இருக்கும் புழு, சின்ன இறால், நண்டுக் குஞ்சு ஆகியவைதான் சாப்பாடு. இரையைத் தேடி மேலே எழும்பி வராது. அதனால் உங்கள் இரை தரையில் கிடக்க வேண்டும். மிதப்புக் கட்டிய தூண்டில் இதற்கு உதவாது.

10 அல்லது 12-ஆம் நம்பர் முள் வாங்குங்கள். நம்பர் கூடக் கூட முள் சிறியது என்பதைக் கடையில் நினைவில் வையுங்கள். மெல்லிய தங்கூஸ் நரம்பு போதும். ஈயம் நடுவில் ஓட்டை உள்ளதாக இருக்கட்டும். நரம்பு அதற்குள் ஓட வேண்டும். அப்போதுதான் மீன் இரையை இழுக்கும்போது ஈயத்தின் கனம் அதற்குத் தெரியாது. ஈயம் முள்ளுக்கு இறங்காமல் ஒரு முழம் மேலே ஒரு முடிச்சோ மணியோ வைத்துத் தடுத்துவிடுங்கள். பத்து கிராமில் ஆரம்பித்து, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனால் மட்டும் கனத்தைக் கூட்டுங்கள். கழி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிளாஸ்டிக் பாட்டிலில் நரம்பைச் சுற்றிக் கையால் வீசலாம்.

இரைக்கு எருக்குழி மண்புழு எளிதில் கிடைக்கும். ஆனால் உப்புத் தண்ணீரில் சீக்கிரம் செத்துத் துவண்டுவிடும், அடிக்கடி மாற்ற வேண்டும். தண்ணீர் வற்றிய கரைச் சேற்றைக் கிளறினால் கிடைக்கும் சேற்றுப் புழுவும், ஓடு உரித்த இறால் துண்டும் இதைவிட நல்லவை. விரல் நகம் அளவுக்கு மேல் இரை வேண்டாம்.

நேரம்தான் முக்கியம். நம் கரையில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். இன்று காலை 6 மணிக்கு ஏற ஆரம்பித்தால் நாளை 6.50 ஆகும். முகத்துவாரத்திலிருந்து உள்ளே போகப் போக இன்னும் தாமதமாகும், அதனால் உங்கள் துறையில் ஒரு குச்சி நட்டு இரண்டு நாள் பார்த்துக்கொள்வதே சரி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் பலமாகவும், அஷ்டமி வாக்கில் மந்தமாகவும் இருக்கும். வற்றிக் கிடந்த சேற்றின் மேல் தண்ணீர் திரும்ப ஏறும் முதல் இரண்டு மணி நேரத்தில் மீன் இரை தேடி ஓரத்துக்கு வரும். நடு ஆற்றுக்கு வீசத் தேவையில்லை.

இரை விழுந்ததும் சும்மா விடாதீர்கள். நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு சாண் மெதுவாக இழுங்கள். சேறு லேசாகக் கலங்கினால் மீன் பார்க்க வரும். கடி வெடுக்கென்று இருக்காது, நரம்பு நடுங்குவது போலத் தெரியும். உடனே சுண்டினால் வாயிலிருந்து கழன்றுவிடும். பத்து எண்ணிவிட்டு நிதானமாகத் தூக்குங்கள். உள்ளங்கை அளவுகூட இல்லாத குஞ்சு வந்தால் கையை நனைத்துக்கொண்டு பிடித்துத் திரும்ப விடுங்கள். முள்ளை விழுங்கியிருந்தால் பிடுங்காமல் நரம்பை வாயருகே வெட்டிவிடுங்கள்.

கரையிலேயே நின்று பிடியுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாக்கு மீன் படுக்கும் அதே சேற்றில்தான் திருக்கையும் படுத்திருக்கும். மிதித்தால் வாலில் உள்ள விஷ முள்ளால் குத்தும். இறங்கியே ஆக வேண்டுமென்றால் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடங்கள், அதிர்வு தெரிந்து விலகிவிடும். குத்திவிட்டால் காயத்தைக் கழுவி, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை காலை வையுங்கள். வலி குறையும். சூட்டை அடிபடாத இன்னொருவர் கைவிட்டுப் பார்க்கட்டும், குத்துப்பட்ட காலுக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், முள் உடைந்து உள்ளே இருக்கலாம். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தினால் வெந்நீருக்குக் காத்திருக்காதீர்கள், முள்ளை உருவாமல் உடனே கொண்டு போங்கள்.

கீழணைப் பக்கமும் பழைய கொள்ளிடத்திலும் முதலை உண்டு என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். அங்கே இருட்டில் நீரோரம் உட்கார வேண்டாம். முக்கொம்பிலிருந்து உபரி நீர் திறப்பதாகத் தண்டோரா போட்டால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் ஆறு நல்ல தண்ணீரானதும் இந்த மீன் கடல் பக்கம் போய்விடும், தை பிறந்து உப்பு ஏறிய பிறகு மறுபடி பாருங்கள்.

சமைக்கும்போது செதில் சுரண்டிக் கஷ்டப்பட வேண்டாம். தலைப்பக்கம் தோலைக் கீறி, சாம்பல் தொட்ட விரலால் பிடித்து வால் பக்கம் இழுத்தால் முழுத் தோலும் ஒரே உரியாக வந்துவிடும். நடு முள் ஒன்றுதான் பெரிதாக இருக்கும், குழந்தைகளுக்குச் சதையை எடுத்துக் கொடுப்பது எளிது.