வலி மட்டும் மரத்துப்போக

கோவை காந்திபுரம் பக்கம் பிரசவத்துக்கு நாள் குறித்த வீடுகளில், பிரசவ வலியை மரத்துப்போகச் செய்யும் ‘எபிடூரல்’ ஊசி என்ற பேச்சு வந்தாலே, “முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலிக்குமாமுங்க” என்ற பயமும் கூடவே வரும். வலியைப் பொறுத்துக்கொள்வதுதான் தாய்மை என்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதனால் அந்த ஊசியில் போவது என்னவென்று பார்த்துவிடுவோம்.

கீழ்முதுகில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஊசியைச் செலுத்தி, தண்டுவட உறைக்கு வெளியே உள்ள சிறு இடைவெளியில் நூல் போன்ற குழாயை வைப்பார்கள். ஊசியை எடுத்துவிடுவார்கள். குழாய் வழியே மருந்து போகும்.

முன்பு புபிவகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்தை மட்டும் 0.25 சதவீத அடர்த்தியில் கொடுத்தார்கள். வலி போயிற்று, கால்களும் கனத்தன, முக்கும் வலுவும் குறைந்தது. ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுப்பது கூடியது. பிறகு அடர்த்தியை 0.1 சதவீதம், அதற்கும் கீழே என்று இறக்கி, மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம் ஃபென்டனில் என்ற வலிநிவாரணியைச் சேர்த்தார்கள். புபிவகெய்ன் நரம்பில் ஓடும் வலிச் செய்தியைத் தடுக்கிறது; ஃபென்டனில் அந்தச் செய்தியைத் தண்டுவடத்தில் அடக்குகிறது. இரண்டும் சேர்வதால் ஒவ்வொன்றும் கொஞ்சம் போதும். பிரிட்டனில் முதல் பிரசவத்துக்கு வந்த 1,054 பெண்களிடம் நடந்த ‘காமெட்’ ஆய்வு 2001-ல் வெளியானது. பழைய முறையில் 35 சதவீதம் பேருக்குச் சுகப்பிரசவம். குறைந்த அளவுக் கலவையில் 43 சதவீதம்.

புபிவகெய்னுக்குப் பதில் அதே வகை மருந்தான ரோபிவகெய்ன் நல்லதா? கோவை மருத்துவக் கல்லூரியும் இணைந்துள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மயக்கவியல் ஆய்வேடுகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. தவறி ரத்தத்தில் கலந்தால் ரோபிவகெய்ன் இதயத்தை அவ்வளவு தாக்காது, காலையும் குறைவாகவே தளர்த்தும். ஆனால் அதன் வீரியம் புபிவகெய்னில் ஏறக்குறைய 60 சதவீதம்தான், விலையும் கூடுதல். ஒரே சதவீதத்தில் இரண்டையும் வைத்து ஒப்பிட்டால் கணக்குத் தப்பும். இவ்வளவு நீர்த்த கலவையில் மருந்தின் பெயரைவிட அளவுதான் முக்கியம் என்பது என் முடிவு.

தொல்லைகள் இல்லாமல் இல்லை. ஃபென்டனிலால் அரிப்பு வரலாம். ரத்த அழுத்தம் இறங்கலாம், அதனால் அடிக்கடி பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஆயுசுக்கும் இடுப்பு வலி என்ற பயத்துக்கு மட்டும் ஆதாரம் இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்த 2018 காக்ரேன் அறிக்கையில், எபிடூரலால் நீண்டநாள் முதுகுவலியும் கூடவில்லை, சிசேரியனும் கூடவில்லை.

ஏழாம் மாதச் செக்கப்பிலேயே மயக்க மருந்து டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லுங்கள். “என்ன கலவைங்க, எத்தனை சதவீதம்?” என்று தயங்காமல் கேளுங்கள்.