சவலைப் பிள்ளையின் உணவு



தமிழில் 'சவலை' என்றொரு சொல் உண்டு. யாப்பிலக்கணம் பயின்றோர் சவலை வெண்பாவை அறிவர். இரண்டாம் அடியில் தனிச்சொல் இல்லாது குறைந்து நிற்கும் வெண்பா அது. அச்சொல் வீட்டு முற்றத்திலும் வழங்குவது. தாய் மறுபடியும் கருவுற்றமையால் முலைப்பாலை இழந்து, ஏங்கி இளைக்கும் குழந்தையைச் சவலைப் பிள்ளை என்பர். அத்தகைய பிள்ளைகளுள் நானும் ஒருவன். ஆதலால் புரதத்தையும் கொழுப்பையும் பற்றிப் பேச எனக்குச் சிறிது உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

எனக்கு ஒன்றரை வயது நிரம்பியபோது தங்கை பிறந்தாள். பின்னர் நிகழ்ந்ததை அன்னையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டில் கறவை இல்லை. மாந்தம் வந்துவிடும் என்ற அச்சத்தால் பருப்பும் எண்ணெயும் எனக்கு விலக்கப்பட்டன. கூவைக்கிழங்கு மாவுக் கஞ்சி ஒன்றே வேளைதோறும் புகட்டப்பட்டது. சில திங்களில் என் முகம் உப்பிற்று, பாதங்கள் பருத்தன. "பிள்ளை பூசினாற்போல் இருக்கிறான்" என்று அயலார் மெச்சினராம்! வெளியூரிலிருந்து வந்த என் பாட்டியார் மட்டும் மெச்சவில்லை. அவர் என் கணைக்காலில் விரலை அழுத்திப் பார்த்தார். பள்ளம் விழுந்தது, விழுந்த பள்ளம் எளிதில் மேடாகவில்லை. அது கொழுமையன்று, நீர்வீக்கம் என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

இந்நோய்க்கு உலக மருத்துவ நூல்களில் இடம் தேடித் தந்தவர், ஜமைக்காவில் பிறந்த சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர். அவர் 1929-இல் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பணியாற்றச் சென்றார். அக்காலத்தில் கோல்டு கோஸ்ட் எனப்பட்ட அந்நாடே இன்றைய கானா. தாய்ப்பால் மறந்து மக்காச்சோளக் கூழை உண்டு வந்த சிறு குழந்தைகளிடம் வீக்கத்தையும் தோல் உரிதலையும் அவர் கண்டார். 1933-இல் அதைப் பற்றி எழுதினார். 1935-இல் 'லான்செட்' இதழில் மீண்டும் எழுதியபோது, அவ்வூர்ப் பெண்டிர் தம் கா மொழியில் வழங்கிய பெயரையே நோய்க்குச் சூட்டினார். குவாஷியோர்க்கர் என்பது அப்பெயர். அடுத்த குழந்தை பிறக்கத் தன் இடத்தை இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். நம் சவலையும் இதுவே அல்லவா? ஒருவரையொருவர் கண்டிராத இரு கண்டத்துத் தாய்மார் ஒரே காரணத்தைக் கண்டு பெயரிட்டிருக்கின்றனர். ஆய்வுக்கூடம் பின்னர்தான் வந்தது.

அக்கஞ்சியில் இல்லாதது யாது? முதலில் புரதத்தைக் கூறுவேன். தசை, தோல், முடி, உணவைச் செரிக்கும் நொதிகள், நோயை எதிர்க்கும் பொருள்கள் ஆகிய யாவும் புரதத்தால் ஆனவை. புரதமோ 20 வகை அமினோ அமிலங்கள் கோத்த சரம். அவற்றுள் 9-ஐ நம் உடல் ஆக்கிக்கொள்ள இயலாது, உணவே தரவேண்டும். அச்சகத்தில் எழுத்துக் கோப்பவரிடம் 'க' என்னும் ஓர் எழுத்துத் தீர்ந்துபோனால், மற்றவை பெட்டி நிறைய இருந்தும் பக்கம் முடிவதில்லை. அரிசியில் லைசின் என்னும் அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசி அதை ஈடுசெய்கிறது. இட்டலியும் பொங்கலும் இக்குறைகளை நிரப்பும் கூட்டணிகள். கூவைக்கிழங்கு மாவிலோ கோப்பதற்கு எழுத்தே இல்லை எனலாம். ஏறத்தாழ முழுதும் மாவுச்சத்து.

இடையே ஒன்று. 60 கிலோ எடையுள்ள ஒருவர்க்கு நாள் ஒன்றுக்கு 50 கிராம் அளவு புரதம் போதும். சோறு, பருப்பு, தயிர், முட்டை இவற்றாலேயே இதைப் பெறலாம். தசை பெருக்கும் என்று டப்பாவில் விற்கும் மாவை நம்பிப் பணத்தைச் செலவிடும் இளைஞர்களைக் காணும்போது எனக்கு வருத்தமே உண்டாகிறது.

இனிக் கொழுப்பு. இச்சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பது இக்கால வழக்கம். வறுத்ததும் பொரித்ததும் நாள்தோறும் உண்ணும் நடுவயதினர்க்கு அச்சுளிப்புத் தகும். இரண்டு வயதுக் குழந்தைக்குத் தகாது. தாய்ப்பாலையே பாருங்கள். அதில் புரதம் நூற்றுக்கு ஒரு பங்கு அளவே. ஆனால் அது தரும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கொழுப்பிலிருந்து வருகிறது. வைட்டமின் ஏ, டி, ஈ, கே ஆகியவை கொழுப்பில் கரைபவை. கீரையை ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்தால்தான் அதிலுள்ள மஞ்சள் நிறச்சத்து உடலில் நன்கு சேர்ந்து, வைட்டமின் ஏ ஆகிக் கண்ணைக் காக்கும். 1929-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர், கொழுப்பை அறவே நீக்கிய உணவை எலிகளுக்குக் கொடுத்தனர். அவற்றின் வால் செதில் படிந்து, வளர்ச்சி நின்றது. லினோலீயிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம் சிறிதளவு சேர்த்ததும் தேறின. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் அது உண்டு.

இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. ஒரு கிராம் மாவுச்சத்தும் ஒரு கிராம் புரதமும் தனித்தனியே 4 கலோரி தருகின்றன. ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தருகிறது. 25 கிராம் மாவைக் கரைத்துக் காய்ச்சிய ஒரு தம்ளர் கஞ்சியில் 90 கலோரி இருக்கலாம். இரண்டு வயதுக் குழந்தைக்கு நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 1000 கலோரி வேண்டும். அதாவது பதினொரு தம்ளர்! அச்சிறு வயிறு அதை எங்ஙனம் தாங்கும்? ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர்ந்தால், வயிறு பெருக்காமல் 40 கலோரி கூடுகிறது. ஆற்றல் போதாதபோது உடல், கட்டுவதற்கென வந்த புரதத்தையே எரித்துவிடும். விறகு தீர்ந்த வீட்டார் கதவையும் சன்னலையும் உடைத்து அடுப்பெரிப்பது போன்றது இது. கொழுப்பு விறகாக நின்று புரதத்தைக் காக்கிறது.

இவ்வுண்மையை அறிஞருலகமே நெடுநாள் போதிய அளவு மதிக்கவில்லை. புரதப் பஞ்சம் வருகிறதென்று 1968-இல் ஐக்கிய நாடுகள் அவை அறிக்கை வெளியிட்டது. ஆனால் சேலத்தில் பிறந்து, குன்னூரிலும், ஆய்வுக்கூடம் 1958-இல் இடம்பெயர்ந்தபின் ஐதராபாதிலும் ஆராய்ந்த டாக்டர் சி. கோபாலன் வேறொன்று கண்டார். வீங்கிய குழந்தையின் உணவும் வற்றிய குழந்தையின் உணவும் பெரிதும் வேறுபடவில்லை. இரண்டிலும் முதற்குறை கலோரியே. 1973-இல் அவரும் துணைவர்களும் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் சுமார் 300 கலோரியும் 3 கிராம் புரதமும் கூடுதலாகப் பெற்ற குழந்தைகள் நன்கு வளர்ந்தனர். மறு ஆண்டில் டொனால்ட் மெக்லாரன் என்பார் 'லான்செட்' இதழில் புரதக் கொள்கையைக் கடுமையாகச் சாடினார். சில குழந்தைகள் மட்டும் ஏன் வீங்குகின்றனர் என்பது இன்றும் முற்றும் தீராத வினா. ஆயினும் மருத்துவம் மாறிவிட்டது. இன்று பல நாடுகளில் இத்தகைய குழந்தைகளுக்கு வேர்க்கடலை விழுது, பால்மா, சர்க்கரை, எண்ணெய் முதலியன கலந்த 92 கிராம் பொட்டலம் தரப்படுகிறது. அதில் 500 கலோரி. பாதிக்குமேல் கொழுப்பால் வருவது.

என் பாட்டியார் இவற்றுள் எதனையும் படித்தவரல்லர். வேர்க்கடலையையும் பொட்டுக்கடலையையும் வறுத்து, வெல்லத்தோடு மாவாக இடித்து, நெய் சொட்டப் பிசைந்து, முதலில் சுண்டைக்காய் அளவாகவும் பிறகு நெல்லிக்காய் அளவாகவும் ஊட்டினாராம். பருப்புச் சோறும் முட்டையும் தொடர்ந்தன. வீக்கம் வடிந்தபின் நான் முன்னினும் மெலிந்து தோன்றியமையால், அவர் பிள்ளையைக் கெடுத்துவிட்டார் என்று அயலார் பேசினர். அதற்கு அவர் செவிகொடுக்கவில்லை.

தங்கை நடக்கத் தொடங்கிய சில திங்களில் தம்பி பிறந்தான். கூவைமாவுப் பானை அப்பொழுதும் அடுக்களையில் இருந்தது. பாட்டியார் அதைப் பாட்டனாரின் வேட்டிக்குக் கஞ்சி போடப் பயன்படுத்தித் தீர்த்தார்.