ஒற்றைத் தலைவலியும் ஓயாத மூளையும்

திண்டுக்கல் சமவெளியின் சித்திரை வெயில் எல்லோருக்கும் பொதுவானது. ஆயினும் சிலருக்கு மட்டும் அது கண்ணைக் கூசச் செய்து, நெற்றிப்பொட்டில் விண்விண்ணென்று தெறிக்கும் வலியையும் குமட்டலையும் கொண்டுவருகிறது. இதனை ஒற்றைத் தலைவலி அல்லது மைக்ரேன் என்கிறோம். கர்நாடகத்தில் 2,329 பேரிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வின்படி, ஓராண்டில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது.

இவர்களுடைய கண்ணில் குறை இல்லை. கண் அனுப்பும் செய்தியை மூளை கையாளும் முறையில்தான் வேறுபாடு உள்ளது. அதை எப்படி அறிந்தார்கள்?

மூளையின் மின்சாரம்

பார்வைக்குரிய மூளைப் பகுதி பின்மண்டையில் உள்ளது. அங்குத் தலைத்தோலில் ஒரு மின்முனையைப் பொருத்திவிட்டு, சதுரங்கப் பலகை போன்ற கறுப்பு வெள்ளைக் கட்டங்களைத் திரையில் காட்டுவார்கள். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் நொடிக்குச் சுமார் 3 முறை மாறும். ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி கழித்து ஒரு மின்னலை எழும். அதன் உயரம் சுமார் 10 மைக்ரோவோல்ட். அதாவது டார்ச் விளக்கு பாட்டரியின் மின்னழுத்தத்தில் ஏறத்தாழ ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு!

மூளையின் மற்ற மின்துடிப்புகளுக்கிடையே இது மறைந்துவிடும். எனவே 100 பதிவுகளின் சராசரியைக் காண்கின்றனர். ஒழுங்கற்ற இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறைய, உண்மையான அலை தெளிவாகத் தெரிகிறது.

பழக மறுக்கும் மூளை

சின்னாளப்பட்டி நெசவாளர் வீட்டில் தறிச் சத்தத்திற்கிடையே குழந்தை அயர்ந்து தூங்கும். ஒரே தூண்டல் திரும்பத் திரும்ப வந்தால் மூளை அதற்குப் பழகிவிடுகிறது. கட்டங்களைத் தொடர்ந்து பார்க்கும்போதும் பெரும்பாலோருக்கு அலையின் உயரம் படிப்படியாகக் குறையும். பெல்ஜியம் நாட்டின் ஷோனன் என்ற மருத்துவரும் குழுவினரும் 1995-இல் வேறொன்றைக் கண்டனர். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு, வலி இல்லாத நாட்களிலும் அலை குறையவில்லை, சற்றே கூடியது. எல்லா ஆய்வுக்கூடங்களிலும் இம்முடிவு கிடைக்கவில்லை என்பதையும் கூற வேண்டும். எனவே இதை நோயறியும் சோதனையாகக் கொள்வதில்லை.

நகரும் அலை

சிலருக்கு வலி தொடங்குமுன் கண்முன் ஒளிரும் வளைகோடு ஒன்று தோன்றி மெல்ல விரியும். அமெரிக்க உளவியலறிஞர் லாஷ்லி தமக்கே தோன்றிய இக்கோடுகளை வரைந்து, 1941-இல் ஒரு கணக்குப் போட்டார்: மூளைப் பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்திற்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது! 1944-இல் பிரேசில் நாட்டு அறிஞர் லியோ, முயலின் மூளையில் அத்தகைய மெதுவான அலையை நேரிலேயே கண்டார். 2001-இல் ஒளிவளையம் தோன்றும்போதே ஒருவரைக் காந்த ஒத்ததிர்வுக் கருவியில் கட்டங்களைப் பார்க்கச் செய்தபோது, மனித மூளையிலும் ஏறத்தாழ அதே வேகம், அதாவது 3.5 மில்லிமீட்டர், கிடைத்தது. காகிதமும் பென்சிலும் கொண்டு போட்ட கணக்கு 60 ஆண்டுகளுக்குப் பின் மெய்ப்பட்டது.

கடைவீதியில் ஒரு கணக்கு

எல்லாக் கோடுகளும் கண்ணை ஒரே அளவில் உறுத்துவதில்லை. பார்வையின் ஒரு பாகைக்குள் சுமார் 3 கோட்டு இணைகள் அமைந்தால் உறுத்தல் மிகும். கடையின் இரும்பு ஷட்டரில் ஒவ்வொரு மடிப்பும் 7.5 செ.மீ. என்று கொள்வோம். சுமார் 13 மீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால் சரியாக இந்த அளவு வரும். வெயிலில் எதிர்ச்சாரி ஷட்டரைப் பார்க்க முடியாமல் ஒருவர் முகம் திருப்பினால் அதற்குக் காரணம் உண்டு.

நாம் செய்யக்கூடியது

வெயிலில் குடையும் தொப்பியும் உதவும். எந்நேரமும் இருட்டறையில் இருப்பது, கூச்சத்தைக் கூட்டவே செய்யலாம். அடிக்கடி வலி வருவோருக்கு அதைத் தடுக்கும் மருந்துகள் உள்ளன. கடையில் தாமே மாத்திரை வாங்கி அன்றாடம் விழுங்கினால் அதுவே தலைவலிக்குக் காரணமாகிவிடும். திடீரென்று தாக்கும் கடும் வலி, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவை இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வகுப்பில் கண்ணைப் பொத்திக்கொள்ளும் மாணவியைப் பாசாங்கு என்று கடிவதற்கு முன், ஜன்னலோரத்திலிருந்து அவளை இடம் மாற்றி உட்கார வைப்போம்.