இறுவட்டு இயக்கியும் திரைப்படத்தின் தரமும்
பயன்பெறுமதி, பரிமாற்றப்பெறுமதி பற்றிய சில சிந்தனைகள்

1

வீட்டிலே பெருந்திரை அமைத்துத் திரைப்படம் பார்க்கும் வழக்கம் எமது மத்தியதர வர்க்கத்தினரிடையே பரவிவருகின்றது. கல்வியாளரும் கலை ஆர்வலரும் இதற்கு விலக்கல்லர். இவ்வழக்கத்தோடு ஒரு வினாவும் எழுகின்றது. படம் மேலும் தெளிவாகத் தெரிய வேண்டுமாயின் விலையுயர்ந்த இறுவட்டு இயக்கி ஒன்றை வாங்க வேண்டுமா? மேலோட்டமாக நோக்குமிடத்து இது கடைக்காரரிடம் கேட்கவேண்டிய வினாவாகவே தோன்றும். ஆயின் சில மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடிய ஒரு பண்டத்தின் விலைக்கும் அது தரும் பயனுக்கும் உள்ள உறவு யாது என்பதே இங்கு உண்மையில் கேட்கப்படுகின்றது. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாம் பாகத்தின் தொடக்க அத்தியாயம் ஆராயும் பொருளும் இதுவே. எனவே இவ்வினாவைத் தொழில்நுட்ப நிலைநின்றும் சமூகவியல் நிலைநின்றும் ஒருங்கே நோக்குதல் பயனுடைத்து.

2

முதலில் இறுவட்டில் பதிந்திருப்பது யாது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 1996இல் யப்பானில் அறிமுகமான டி.வி.டி., எமது நாட்டில் வழங்கும் பால் முறையில், ஒரு சட்டகத்துக்கு 720 x 576 படப்புள்ளிகளைக் கொண்டது. அஃதாவது ஏறத்தாழ 4 இலட்சம் புள்ளிகள். 2006இல் வந்த புளூ-ரே 1920 x 1080 என்ற அளவில் ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகளைத் தருவது. 2016இல் வந்த அல்ட்ரா எச்.டி. புளூ-ரே 3840 x 2160 என்ற அளவில் ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகளைக் கொண்டிருப்பதோடு, ஒளிர்வையும் நிறத்தையும் விரிந்த எல்லையிற் பதிவுசெய்யும் எச்.டி.ஆர். என்னும் முறையையும் ஏற்கின்றது.

இத்தகவல் யாவும் சுருக்கப்பட்ட இலக்கங்களாகவே இறுவட்டில் உள்ளன. இயக்கி அவற்றைப் படித்து, விரித்து, எச்.டி.எம்.ஐ. வடத்தினூடாகத் திரைக்கு அனுப்புகின்றது. அண்மைக்கால இறுவட்டுகளிற் பயன்படும் சுருக்க முறைகள், விரித்தபின் கிடைக்கவேண்டிய பெறுபேறு ஒவ்வொரு இலக்கமும் பிசகாது ஒன்றாகவே இருக்கவேண்டும் என விதிக்கின்றன. எனவே நியமத்துக்கு இணங்க இயங்கும் மலிவான இயக்கியும் விலையுயர்ந்த இயக்கியும் ஒரே இறுவட்டிலிருந்து விரித்தெடுக்கும் படம் ஒன்றேயாகும். வடத்தைப் பொறுத்தும் நிலைமை இதுவே. இலக்கங்கள் சரிவரப் போய்ச் சேர்ந்தால் படம் முழுமையாகத் தெரியும். சேராவிடின் வெண்புள்ளிகள் மின்னும் அல்லது திரை இருண்டுபோகும். வடம் மலிவானது என்பதற்காக நிறங்கள் சற்று மங்குவதோ, விலையுயர்ந்தது என்பதற்காக அவை செழிப்பதோ இல்லை.

அவ்வாறாயின், விலையேற ஏறப் படமும் சிறக்கும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு பொருளடிப்படை இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. டி.வி.டி.யின் தொடக்க காலத்தில் இயக்கியே இலக்கங்களைத் தொடர் மின்சமிக்ஞையாக மாற்றித் தொலைக்காட்சிக்கு அனுப்பியது. அம்மாற்றத்தைச் செய்யும் சுற்றின் தரத்துக்கேற்பப் படத்தின் தரமும் வேறுபட்டது. நல்ல சுற்றுக்கு விலை அதிகம். அதற்கு நியாயமும் இருந்தது. 2002இல் எச்.டி.எம்.ஐ. நியமம் வெளியாகி, பின்னர் அது பரவலானதும் அவ்வடிப்படை தகர்ந்தது. ஆயின் அதன்மேல் எழுந்த கருத்துநிலை தகரவில்லை. உற்பத்தி நிலைமைகள் மாறியபின்பும் அவை தோற்றுவித்த எண்ணங்கள் நெடுங்காலம் எஞ்சி நிற்பதும், அவ்வெச்சத்தைச் சந்தை தன் நலனுக்குப் பயன்படுத்துவதும் இலக்கிய வரலாற்று மாணவருக்குப் புதியனவல்ல.

3

இக்கூற்றுக்குச் சான்றாக 2010ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றைக் குறிப்பிடலாம். அமெரிக்காவின் லெக்சிகன் நிறுவனம் பி.டி.-30 என்னும் புளூ-ரே இயக்கியை ஏறத்தாழ 3,500 டொலருக்கு விற்றது. அதனைத் திறந்து ஆராய்ந்த ஒலி-ஒளி உபகரண விமர்சகர்கள் உள்ளே கண்டது, ஏறத்தாழ 500 டொலருக்கு விற்கப்பட்ட ஒப்போ நிறுவனத்தின் பி.டி.பி.-83 இயக்கியை. மின்சுற்றுப் பலகைகள் மட்டுமன்றி, அவ்வியக்கியின் அடித்தட்டே அப்படியே புதிய உறையினுள் வைக்கப்பட்டிருந்தது. கனத்த உலோக முகப்பும் நிறுவனத்தின் பெயரும் 3,000 டொலர் பெற்றன.

இந்நிகழ்ச்சியை ஒரு நிறுவனத்தின் ஒழுக்கக்கேடு என்று மட்டும் கொள்ளுதல் போதாது. பண்டத்தின் பெறுமதி அதனுள் அடங்கிய உழைப்பிலிருந்து பிறப்பதாகத் தோன்றாது, பண்டத்தின் இயல்பிலேயே உறைவதாகத் தோன்றும் மாயையை மார்க்ஸ் பண்டவழிபாடு என்றார். இங்கு அம்மாயை கண்கூடாகின்றது. ஒரே தொழிலாளரின் ஒரே உழைப்பில் உருவான ஒரே சுற்றுப்பலகை ஒரு பெட்டியில் எளிய கருவியாகவும், மற்றொன்றில் உயர்குடி இரசனையின் சின்னமாகவும் காட்சியளித்தது. வாங்குவோர் பலர் ‘வேறுபாட்டை’க் கண்ணாற் கண்டதாகவும் நம்பியிருத்தல் கூடும். விலை கண்ணையும் பழக்கும் வலிமை உடையது.

4

இதனால் இயக்கிகளிடையே வேறுபாடே இல்லை என்ற முடிவுக்கு நாம் வருதல் ஆகாது. அது மறுபுறத்து மிகையாகும். விரித்தெடுத்தல் ஒன்றேயாயினும், அதன் பின்னர் இயக்கி செய்யும் சில தொழில்களில் உண்மையான வேறுபாடுகள் உள்ளன. அவற்றை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, பழைய டி.வி.டி.க்களைப் பெருந்திரைக்கு ஏற்ப விரித்தல். டி.வி.டி.யில் படம் பெரும்பாலும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் எனப் பிரிக்கப்பட்டே பதிவாகியுள்ளது. அவற்றைப் பிழையின்றி இணைத்து, 4 இலட்சம் புள்ளிகளிலிருந்து 83 இலட்சம் புள்ளிகளை ஊகித்து நிரப்புதல் எளிதன்று. குறைபாடான இயக்கியில் சாய்ந்த கோடுகள் படிக்கட்டுப்போலத் தெரியும். நகரும் உருவங்களின் விளிம்புகள் சீப்புப்பற்கள் போலப் பிளவுபடும். ஆயினும் இப்பணியை இன்றைய தொலைக்காட்சிகளும் செய்ய வல்லன. இரண்டில் எது திறம்படச் செய்கின்றதோ அதனிடமே பணியை ஒப்படைக்கலாம்.

இரண்டாவது, நிறத் தகவலை நிரப்புதல். கண் ஒளிர்வை நோக்குமளவு கூர்மையாக நிறத்தை நோக்குவதில்லை என்ற உண்மையைப் பயன்படுத்தி, இறுவட்டுகளில் நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிறத் தகவலே பதியப்படுகின்றது. எஞ்சியதை இயக்கியோ திரையோ நிரப்பவேண்டும. இதில் வேறுபாடு உண்டு. ஆயின் அது மிக நுண்ணியது. செந்நிற எழுத்துகளின் விளிம்பிலே தேடிக் காணத்தக்கது.

மூன்றாவதே மிக முக்கியமானது. எச்.டி.ஆர். இறுவட்டுகளிற் பல 1,000 நிட் அல்லது 4,000 நிட் வரையான ஒளிர்வைக் கருத்திற்கொண்டு ஆக்கப்பட்டவை. வீட்டுப் புறொஜெக்டர்களோ பெரும்பாலும் 100 நிட் அளவிலேயே நின்றுவிடுகின்றன. மிகையான ஒளிர்வை எவ்வாறு அமுக்கி அடக்குவது என்பதைப் பொறுத்தே முகில்களின் வடிவம் தெரிவதும், இருண்ட அறையின் மூலைகள் கரிப்படலமாகாதிருப்பதும் தங்கியுள்ளன. 2018இல் வந்த பனசொனிக் யூ.பி.820, யூ.பி.9000 ஆகியன இவ்வமுக்கத்தை இயக்கியிலேயே செய்யும் வசதி உடையன. புறொஜெக்டர் பாவிப்போருக்கு இது கண்கூடான பயன் தருவது. எனினும் இங்கும் ஓர் உண்மையை நோக்குக: இவ்விரண்டில் யூ.பி.9000 கூடிய விலையுடையது; ஆயின் இவ்வசதி யூ.பி.820 இலும் உண்டு. கூடுதல் விலையின் பெரும்பகுதி கனத்த உடற்கட்டுக்கும், தொடர் ஒலிச் சமிக்ஞை தரும் சுற்றுகளுக்கும் உரியது. ஒலியை எச்.டி.எம்.ஐ. வழியே வேறோர் உபகரணத்துக்கு அனுப்புபவர் அச்சுற்றுகளைப் பாவிப்பதே இல்லை.

கண்ணின் எல்லையையும் மறத்தலாகாது. சாதாரண பார்வையுடையவர் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவான நுணுக்கத்தையே பிரித்தறிவர். 55 அங்குலத் திரையில் ஏறத்தாழ 2.2 மீற்றருக்கு அப்பால் அமர்ந்தால் புளூ-ரேயின் புள்ளிகளையே தனித்தனியாகக் காணமுடியாது, அல்ட்ரா எச்.டி.யின் கூடுதற் புள்ளிகள் அவ்விடத்தில் வீணே. நாற்காலியை முன்னே நகர்த்துவதற்குச் செலவில்லை. ஜன்னலுக்குத் திரைச்சீலை இடுதலும், தொலைக்காட்சியின் அமைப்பைத் திரைப்பட நிலைக்கு மாற்றி அசைவை வழவழப்பாக்கும் வசதியை நிறுத்துதலும் அவ்வாறானவையே. இவை ஆயிரக்கணக்கான டொலர் பெறுமதியான இயக்கி தரக்கூடிய மாற்றத்தினும் பெரிய மாற்றத்தைத் தருவன.

5

எனின் படத்தின் தரம் முதன்மையாக எங்கே உருவாகின்றது? ஏட்டுச்சுவடிகளையும் அச்சுப் பிரதிகளையும் ஒப்பிட்டுப் பழகியோருக்கு விடை எளிது. தரம் பதிப்பில் உள்ளது. சத்யஜித் ராயின் அப்பு முப்படங்களின் மூல எதிர்ப்பிரதிகள் 1993இல் இலண்டனில் நிகழ்ந்த தீவிபத்திற் கருகின. பயனற்றவை எனக் கருதத்தக்க நிலையிலிருந்த அச்சுருள்கள் பேணப்பட்டு, பின்னர் இத்தாலியின் பொலோஞா நகரிலுள்ள ஆய்வுகூடத்தில் ஈரப்பதமூட்டப்பட்டு, கிழிந்த துளைகள் கையாலே ஒட்டப்பட்டு, பிசினும் மெழுகும் அகற்றப்பட்டு, சட்டகம் சட்டகமாக மீட்கப்பட்டன. மீட்க முடியாத பகுதிகள் வேறு பிரதிகளிலிருந்து நிரப்பப்பட்டன. 2015இல் புதிய பதிப்பு வெளிவந்தது. ‘பதேர் பாஞ்சாலி’யில் இன்று நாம் காணும் நாணற்பூவின் மென்மை எந்த இயக்கியின் கொடையுமன்று, பெயர் தெரியாத கைவினைத் தொழிலாளரின் உழைப்பின் விளைவு. அப்படத்தின் பழைய, தேய்ந்த டி.வி.டி.யை உலகின் மிக விலையுயர்ந்த இயக்கியில் இட்டாலும் அம்மென்மை வாராது.

சந்தை விளம்பரப்படுத்துவது பெட்டியை, மறைப்பது இவ்வுழைப்பை. எனவே பணம் இருக்குமாயின் அதில் பெரும்பங்கை நல்ல பதிப்புகளுக்கே செலவிடுதல் தகும். இணையவழிப் படச் சேவைகள் 4கே படத்தை விநாடிக்கு ஏறத்தாழ 15 மெகாபிட் அளவிலே அனுப்புகையில், அல்ட்ரா எச்.டி. இறுவட்டு விநாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேலும் செல்லவல்லது என்பதும் இங்கு கருதத்தக்கது.

இதனோடு எமது நாட்டவர் சிறப்பாக மனங்கொள்ளவேண்டியது பிரதேசக் குறியீடு. திரைப்பட நிறுவனங்கள் உலகைச் சந்தைக் கூறுகளாகப் பங்கிட்டு, ஒரு கூறிற்குரிய இறுவட்டு மற்றொரு கூறிற்குரிய இயக்கியில் இயங்காவண்ணம் தடைசெய்தன. இலங்கை டி.வி.டி. முறையில் 5ஆம் பிரதேசத்தையும், புளூ-ரே முறையில் ‘சி’ பிரதேசத்தையும் சேர்ந்தது. அமெரிக்காவில் வெளியான ராயின் படப் பதிப்பு ‘ஏ’ பிரதேசத்துக்குரியது. வங்கத்துக் கலைஞனின் படைப்பைத் தென்னாசியர் வாங்கினும் தம் இயக்கியிற் பார்க்க இயலாது! படத்தின் தெளிவைப் பற்றிப் பேசுமுன், படம் இயங்குமா என்று கேட்கவேண்டிய நிலை இது. அல்ட்ரா எச்.டி. இறுவட்டுகளுக்கு இத்தடை இல்லை. ஏனையவற்றுக்கு எல்லாப் பிரதேச இறுவட்டுகளையும் ஏற்கும் இயக்கியைத் தேடுதல், உலோக முகப்புக்குப் பணம் செலுத்துவதினும் பன்மடங்கு அறிவுடைய செயல்.

6

தொகுத்து நோக்கின், தேர்வுக்கான ஒழுங்குமுறை தெளிவாகின்றது. அறையின் இருளும் திரையும் அமரும் தூரமும் முதலில். இறுவட்டின் பதிப்பு அடுத்து. இயக்கி அதன் பின்னரே. இயக்கியிலும் கேட்கவேண்டியவை சில வினாக்களே. தம்மிடமுள்ள இறுவட்டுகள் எப்பிரதேசத்தவை? திரை டொல்பி விஷன் போன்ற முறைகளை ஏற்குமாயின் இயக்கியும் ஏற்கின்றதா? புறொஜெக்டராயின் ஒளிர்வை அடக்கும் வசதி உண்டா? டி.வி.டி.க்கள் மிகுதியாயின் அவற்றை விரிக்கும் திறன் எத்தகையது? இவற்றுக்கு விடையளிக்கும் இயக்கிகளுள் விலை குறைந்ததே போதுமானது.

எனினும் பிரச்சினை தனிமனிதத் தேர்வோடு முடிவதன்று. ஒப்போ நிறுவனம் 2018இல் புதிய இயக்கிகளை உருவாக்குவதை நிறுத்தியது. 2019இல் சம்சுங் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய இயக்கிகளை வெளியிடுவதில்லை என அறிவித்தது. அஞ்சல்வழி இறுவட்டு இரவல் சேவையை நெட்பிளிக்ஸ் 2023இல் மூடியது. மூலதனம் இறுவட்டைக் கைவிட்டு, படத்தை மாதவாடகைக்கு விடும் முறைக்குப் பெயர்ந்து கொண்டிருக்கின்றது. வாடகைப் படம் எப்பொழுது வேண்டுமாயினும் மீளப் பெறப்படலாம்; இறுவட்டு எம் கையில் நிற்கும். யந்திர மறுவுற்பத்தி கலையைச் சடங்குச் சார்பிலிருந்து விடுவித்து மக்களிடம் சேர்க்கக்கூடும் என வால்ற்ரர் பெஞ்சமின் 1930களில் எதிர்நோக்கினார். அவ்வாய்ப்பு இன்று வேறொரு வாயிலில் அடைபடுகின்றது.

ஆதலின் தனித்தனி வீடுகளில் தனித்தனிப் பெருந்திரைகளை அமைப்பதினும், பல்கலைக்கழகத் திரைப்பட வட்டங்களும் பொது நூலகங்களும் நல்ல பதிப்புகளைத் தேடிச் சேர்த்து, ஒரு நல்ல புறொஜெக்டரையும் எப்பிரதேச இறுவட்டையும் ஏற்கும் ஓர் இயக்கியையும் பொதுவில் வாங்கி வைத்தல் விரும்பத்தக்கது. ஒருவரின் வரவேற்பறைக்கென வாங்கும் விலையுயர்ந்த பெட்டியின் பணம் இவ்வனைத்துக்கும் போதியதாகவும் அமையலாம். இயக்கிகள் கிடைக்கும் காலத்திலேயே இதனைச் செய்தல் வேண்டும்.