பேர் தெரியாத மரம் அடுப்புக்கு ஆகுமா?

புயல் ஓய்ந்த மறுநாள், சாய்ந்து கிடக்கும் மரத்தைக் கிளை கிளையாகத் தறித்து விறகுக்கு எடுத்துப் போவது நம் ஊர்களில் வழக்கம். வேம்பு, புளி என்றால் யாரும் யோசிப்பதில்லை. பேர் தெரியாத மரமாக இருந்தால்தான் அரிவாள் தயங்குகிறது.

தயக்கம் நல்லதுதான். ஆனால் புது மரம் என்பதாலேயே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இன்று பெயர்பெற்ற விறகுகளான சவுக்கும் சீமைக்கருவேலமும் வெளியிலிருந்து வந்தவையே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களின் எரிபொருளுக்காக நம் கடற்கரையில் சவுக்குத் தோப்புகள் வளர்க்கப்பட்டன. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த சீமைக்கருவேலமோ இன்று ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கரிமூட்டம் போடுவோரின் பிழைப்பு.

முதல் சோதனை எடை. முழுக்க உலர்ந்த ஒரு கிலோ விறகு, எந்த மரமானாலும், ஏறக்குறைய 4,500 கிலோ கலோரி வெப்பம் தரும். ஆனால் ஒரே அளவுத் துண்டுகளை நிறுத்தால், சவுக்கு இலவத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும். இலவமும் முருங்கையும் குப்பென்று எரிந்து அடங்கிவிட, கனத்த மரம் நின்று எரிந்து கங்கு தரும்.

பச்சை மரத்தின் கனத்தை மட்டும் நம்பக் கூடாது. அதில் பாதிவரை தண்ணீராக இருக்கலாம். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே 600 கிலோ கலோரிக்கு மேல் வீணாகும், புகையும் கூடும். எனவே பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாக அடுக்க வேண்டும். ஒரு துண்டை வாரந்தோறும் நிறுத்துப் பார்த்தால், எடை குறைவது நிற்கும்போது காய்ந்துவிட்டது என்று பொருள். முனைகளில் வெடிப்பு விழும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும்.

கனத்தையும் ஈரத்தையும் பேர் தெரியாமலே சோதிக்கலாம். நஞ்சை அப்படிச் சோதிக்க முடியாது.

அரளிக் கட்டையின் புகை நஞ்சு. பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் வளரும் தில்லையின் பால் பட்டால் கண் பார்வையே பாதிக்கப்படும். புகையும் கண்ணைக் கெடுக்கும். சேங்கொட்டைப் பால் தோலைப் புண்ணாக்கும். இவற்றை எடையோ ஓசையோ காட்டிக்கொடுப்பதில்லை.

ஆகவே வெட்டும் முன்பே இலை, பூ, காய், பட்டையுடன் ஒரு கிளையை எடுத்து ஊர்ப் பெரியவர்களிடமோ வனத்துறையினரிடமோ காட்டுங்கள். மேட்டுப்பாளையம் வனவியல் கல்லூரியிலும் கேட்கலாம். பேர் உறுதியாகும்வரை அந்த மரத்தில் ஒரு சுள்ளியைக்கூட அடுப்பில் வைக்காதீர்கள்.