கர்ணன் என்ற தலைப்பும் கைவிடப்பட்ட ஊரும்

கைவிடல் என்பதை நம் வெகுமக்கள் கலை என்னவாகப் புரிந்து வைத்திருக்கிறது என்று அறிய, 'கர்ணன்' என்ற ஒரு தலைப்பைப் பின்தொடர்ந்தாலே போதும். 1964-இல் பி.ஆர். பந்துலுவின் 'கர்ணன்' வந்தது. 1991-இல் மணிரத்னம் அதே கதையை இக்காலத்துக்குக் கொண்டுவந்து 'தளபதி' என்று பெயரிட்டார். 2021-இல் மாரி செல்வராஜ் பழைய தலைப்பையே மீண்டும் எடுத்தார்.

முதல் இரண்டு படங்களிலும் கைவிடப்படுவது ஒரு குழந்தை. குந்தி ஆற்றில் விடுகிறாள். கல்யாணி சரக்கு ரயிலில் விடுகிறாள். எளிய மக்கள் எடுத்து வளர்க்கிறார்கள். பிறப்பு தெரியாதவன் என்று சபையில் இகழப்படுகிறான், பெண் கேட்கப் போன இடத்தில் மறுக்கப்படுகிறான். நாமும் அழுகிறோம். ஆனால் எதற்காக அழுகிறோம்? தேரோட்டி மகனை இழிவுபடுத்தினார்களே என்றா, அரசகுமாரனைத் தேரோட்டி மகன் என்று தவறாக நினைத்துவிட்டார்களே என்றா? கதை நம்மை இரண்டாவதன் பக்கமே தள்ளுகிறது. அவனுடைய வீரத்துக்கும் கொடைக்கும் காரணம் சூரியனின் வித்து என்று முன்பே சொல்லிவிடுகிறது. சேரியில் ஒருவன் உயர்ந்து நின்றால், அவன் மேலிருந்து விழுந்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்ற சாதி நியாயம் இந்தக் கண்ணீருக்குள் ஒளிந்திருக்கிறது. கூத்தில் பொன்னுருவி கணவனின் குலத்தை இகழும் இடத்திலும் கூட்டத்துக்கு உண்மை தெரியும். அவள் ஏமாந்தவள் என்றுதான் பார்க்கிறோம், சாதி பார்ப்பவள் என்றல்ல.

பாரதத்துக் கர்ணனோ இதைவிடத் தெளிவானவன். நீ குந்தி மகன், வா, அரசாளலாம் என்று கிருஷ்ணன் அழைக்கும்போது, பாலூட்டிய ராதையையும் பெயரிட்டு வளர்த்த அதிரதனையும் விட்டு வரமாட்டேன் என்கிறான். கைவிடப்பட்டவன் கைவிட மறுக்கும் இடம் அது. பி.எஸ். ராமையா தம் நாடகத்துக்குத் 'தேரோட்டி மகன்' என்று பெயர் வைத்தார். ராதையின் பெயரில் ஒரு படம் வந்ததாக நமக்கு நினைவில்லை.

மாரி செல்வராஜின் கர்ணனுக்கு அப்பா, அம்மா, அக்கா எல்லோரும் உண்டு. அவனை யாரும் ஆற்றில் விடவில்லை. இங்கே கைவிடப்பட்டது பொடியன்குளம் என்ற ஊர். பேருந்து நிற்காது. பக்கத்து ஊரில் போய் ஏறினால் அடி விழும். கைவிட்டவள் கல்யாணமாகாத ஒரு பெண் அல்ல, அரசு. அந்த அரசு ஊருக்குள் வரும் ஒரே வழி போலீஸ் லாரி. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து வீடுகளைச் சூறையாடியதை அறிந்தவர்களுக்கு இது கற்பனை இல்லை. படத்தில் அதிகாரியை உறுத்துவது பெரியவர்களின் பெயர்கள்தான். மாடசாமியின் பிள்ளைக்குத் துரியோதனன் என்ற பெயர் எப்படி வரலாம்?

கர்ணன் கையில் வாளும், யானையின் ஊர்வலமும் நமக்கு முழு ஒப்புதல் இல்லை. காவிய நாயகனின் சாயல் அங்கே திரும்பி வருகிறது. ஆனால் படம் தொடங்குவது அவனிடமிருந்து அல்ல. நடுரோட்டில் வலிப்பு வந்து துடிக்கும் சிறுமியிடமிருந்து. வண்டிகள் நிற்காமல் அவளைக் கடந்து போகின்றன. இறந்த பின் அவள் காட்டுப்பேச்சியாக, முகமூடியோடு ஊரைச் சுற்றி வருகிறாள். அவளை வியாசர் தரவில்லை. சிறுவயதில் செத்துப்போன பெண்பிள்ளைகளை வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடும் தென்மாவட்டத்து மக்கள் தந்தார்கள்.